ஒறம்பரைத் தண்ணி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்திலேயே பூவாத்தாள் இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்குவாள், சட்டம் முதலில் மாறியதா தண்ணீர் முதலில் மாறியதா என்கிற இடத்தில் வந்து நின்றுவிடுவாள், நின்ற இடத்தில் வெசனம் வந்து பிடித்துக்கொள்ளும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு மசோதா, தேர்வுக் குழு என்கிற சொற்களெல்லாம் வாயில் வழுக்கின. ஒரு சொல்லை மாற்றிப் போட்டு, அதனால் யாருக்காவது வேலை போய், அவர்கள் வாசலில் வந்து நின்று நீதானே சொன்னாய் என்று கேட்டால் அதற்கு யார் பதில் சொல்வது? ஆனாலும் நீலியம்பாளையத்தில் நடந்தது இதுதான், நடந்த வரிசையும் இதுதான்.

ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி இருந்தது. அதற்கு ஆற்றுக்குள் தோண்டிய கிணறுகளிலிருந்து தண்ணீர் ஏறியது. ஆற்றங்கரை நெடுகச் சாயப்பட்டறைகள் இருந்தன, ஊரின் பெரும்பாலான வீடுகளில் உலை வைப்பதற்கு அந்தப் பட்டறைகளின் சம்பளம்தான் ஆதாரம், பூவாத்தாளின் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவும் அதில் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தார். ரொம்ப வருசத்துக்கு முந்தி ஒரு கோடையில், பூவாத்தாளுக்கு அப்போதுதான் நடை பழகிய கதிர்வேலு என்று ஒரு பையன் இருந்த காலத்தில், குழாயில் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்த தண்ணீரைக் குடித்த பிள்ளைகளெல்லாம் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டார்கள், கதிர்வேலு போனான், அவனைப் போலவே வேறு சில வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. தண்ணீரில் என்னென்ன எவ்வளவு வரை இருக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது, மாசம் தவறாமல் சோதிக்கச் சொன்னது, அளவு மீறியிருந்தால் தொட்டியின் காலில் சிவப்புப் பட்டை அடிக்கச் சொன்னது, அந்தப் பட்டையை அழிக்கும்வரை ஒரு பட்டறையும் ஓடக்கூடாது என்றும் சொன்னது.

சட்டம் வந்தும் பூவாத்தாளுக்கு நம்பிக்கை வரவில்லை. காய்ச்சாத தண்ணீர் அவள் வீட்டில் யார் தொண்டையிலும் இறங்கியதில்லை. கொதி வந்த பிறகும், தலையை அவிழ்த்துச் சிக்கெடுத்துப் பின்னி முடிக்கிற நேரம் வரைக்கும் அதைக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பானையில் ஊற்றி, பானையின் வாயில் துணி கட்டி, துணியின் மேல் தட்டு வைத்து மூடுவாள். "பூவா ஊட்டுல தண்ணி கேட்டா, பாயசம் மாதிரிப் பதம் பாத்துத்தான் குடுப்பா" என்று எதிர்வீட்டு ராமாத்தாள் கேலி பண்ணுவாள். ராமாத்தாள் அவளைவிட மூத்தவள், சாயம் பிடித்துப் பிடித்து விரல் நகமெல்லாம் ஊதாவாகிப்போனவள், தினமும் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து நிலைப்படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தன் வீட்டு வேலைக்குப் போவாள்.

சிவப்புப் பட்டை ஊருக்குப் பிடித்த பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை. அது விழுந்தால் பட்டறை நிற்கும், பட்டறை நின்றால் சம்பளம் நிற்கும். "செவப்பப் பாத்தாலே எனக்குப் பசிக்குது புள்ள" என்பார் நாச்சிமுத்து. பட்டறை முதலாளிகளுக்குப் பசிக்கவில்லை, ஆனால் அவர்களுக்குத்தான் அதிகம் கோபம் வந்தது, அவர்கள் தலைநகரத்துக்குப் போய்வந்தார்கள், போய்வந்த கொஞ்ச காலத்தில் குடிநீர் எளிமை மசோதா என்று ஒன்று சட்டசபைக்கு வந்தது. அளவு என்று எதுவும் வேண்டாம், சோதிப்பது அவரவர் விருப்பம், பட்டை அடிக்கிற வழக்கம் ஒழிக என்பதுதான் அந்த எளிமை. தொகுதி எம்.எல்.ஏ. வையாபுரி அதை ஆதரித்துப் பேசியதை ஊரே டிவியில் பார்த்தது.

"சந்தேகப்படுகிறவர்கள் காய்ச்சிக் குடிக்கட்டும்!" என்று முழங்கினார் வையாபுரி. "நம் தாய்மார்களின் கைகளைவிடப் பெரிய சோதனைச்சாலை இந்த உலகத்தில் உண்டா?"

மேசைகள் தட்டப்பட்டன. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று ஒரு கண்ணிமைப்பு நேரம் பூவாத்தாளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் நீலியம்பாளையத்தில் தண்ணீர் கொதிக்கவில்லை.

பூவாத்தாள் அடுப்பில் வைத்தாள், தலையை அவிழ்த்தாள், சிக்கெடுத்தாள், பின்னி முடித்தாள், எட்டிப் பார்த்தால் தண்ணீர் படுத்த மாடுபோல அசையாமல் கிடந்தது. விரலை விட்டாள். பானைக்கடியில் தீ நீலமாகச் சீறிக்கொண்டிருக்க, உள்ளே தண்ணீர் மார்கழி மாசத்துக் கிணறுபோல ஜில்லென்றிருந்தது.

"ஏனுங்க, இந்த அடுப்பு எரியுதா இல்லையான்னு சித்த வந்து பாருங்க."

நாச்சிமுத்து வந்து குனிந்து பார்த்தார். "எரியுது புள்ள. நல்லாத்தான் எரியுது."

"அப்பறம் ஏனுங்க இப்படி?"

"என்னையக் கேட்டா? தண்ணியக் கேளு."

அவர்களுடைய மகள் தாரணி தலைப்பிரசவத்துக்கு வந்து உள்ளறையில் படுத்திருந்தாள். "கேஸ் தீந்திருக்கும்மா, போட்டுக் கொளப்பாத" என்று அங்கிருந்தே சொன்னாள். பூவாத்தாள் மகளின் மேடிட்ட வயிற்றையும் பானையையும் மாறிமாறிப் பார்த்தாள். இன்னும் சில மாசத்தில் இந்த வீட்டுக்குள் வரப்போகிற ஒரு சின்ன வாய்க்கு இந்தத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவள் வயிற்றுக்குள் ஜில்லென்று இறங்கி உட்கார்ந்தது, அதற்கப்புறம் அது எழுந்து போகவே இல்லை.

தெருவெல்லாம் இதே கதைதான். டீக்கடையில் பாய்லர் குளிர்ந்து கிடந்தது. கல்யாண மண்டபத்து அடுப்பில் புளியங்கட்டையை அடுக்கி எரித்துப் பார்த்தார்கள், விறகு சாம்பலானது, அண்டாவில் தண்ணீர் அப்படியே இருந்தது. பயந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான், மற்றவர்கள் வீட்டுக்கு வந்த மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படித்தான் நடந்துகொண்டார்கள். தண்ணி கோவிச்சுக்கிச்சு என்றார்கள். அதன் கோபம் தானாகத் தணியட்டும் என்று முதலில் விட்டுப் பார்த்தார்கள், அப்புறம் பானைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கொஞ்சினார்கள், அப்புறம் ராமாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்று, "உனக்கு என்ன கொறச்சல் வெச்சோம்? எங்க ஊட்டு ஆம்பளைகளே சொன்ன பேச்சு கேக்குறப்ப உனக்கென்ன இத்தன ஏத்தம்?" என்று தெருவே கேட்கத் திட்டினாள். தண்ணீர் எதற்கும் மசியவில்லை.

மசியாததோடு வாழப் பழகினார்கள். மாவோடு சேர்ந்துவிட்டால் தண்ணீர் தன் பிடிவாதத்தை மறந்துவிடுகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள், அதனால் தோசை சுடலாம், ரொட்டி தட்டலாம், ஆனால் இட்லி வேகாது, சோறு வேகாது, பருப்பு வேகவே வேகாது. ஊர் அவலுக்கும் பொரிக்கும் மாறியது. டீக்கடைக்காரர் டீத்தூளைப் பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டு, சக்கரையும் எலுமிச்சையும் கலந்து, கோவத் தண்ணி டீ என்று பேர் வைத்து விற்றார், வெளியூர்ப் பையன்கள் பைக்கில் வந்து குடித்து, அடுப்பில் எரியும் பானைக்குள் கையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தர்ப்பூசணியைப் பானைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றிக் குளிரவைக்கிற பழக்கம் வந்தது. கல்யாணப் பத்திரிகைகளில் 'ரொட்டி விருந்து' என்று அச்சடித்தார்கள். தைப்பொங்கலன்று மாரியம்மன் கோயில் வாசலில் வரிசையாகப் பானைகள் வைத்தார்கள், தீ எரிந்தது, பால் கலந்த தண்ணீர் அசையாமல் கிடந்தது, குலவையிடத் திறந்த வாய்களெல்லாம் திறந்தபடி இருந்தன, கடைசியில் பூசாரி, "மனசுக்குள்ள பொங்கிருச்சுன்னு வெச்சுக்குங்க சாமி" என்று சொல்லித் தானே ஒரு குலவை போட்டார், பெண்கள் சிரித்தபடி சேர்ந்து போட்டார்கள். அடுத்த ஊரில் தண்ணீர் எப்போதும்போல் கொதித்துக்கொண்டிருந்தது, அதைப் பற்றி நீலியம்பாளையத்துக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை.

பக்கத்துத் தாலுகாவிலிருந்து கேன் தண்ணீர் வண்டி வந்தது. அந்தத் தண்ணீர் கொதித்தது. பூவாத்தாள் மகளுக்கென்று மட்டும் கேன் வாங்கினாள், அதைக் காய்ச்சி ஆற்றி, தாரணியின் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள், மற்ற இருவரும் குழாய்த் தண்ணீரையே கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். குடித்த ஒவ்வொரு முறையும் பூவாத்தாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தொட்டியில் சிவப்புப் பட்டை அடிக்க வருகிறவர் மசோதா முடிவாகட்டும் என்று வருவதை நிறுத்தியிருந்தார். வையாபுரி மட்டும் வந்தார். அடுப்பில் எரிகிற பானையைச் சுற்றி வந்து பார்த்தார், கையை விட்டார், முகத்தைக்கூடக் கழுவிக்கொண்டார். "காய்ச்ச அவசியமே இல்லாத அளவுக்குச் சுத்தமான தண்ணி, அதான் கொதிக்கமாட்டேங்குது! மசோதாவுக்கு இதவிட என்ன சாட்சி வேணும்? எத்தன சிலிண்டர் மிச்சம்!" என்றார். சிலர் கைதட்டினார்கள். பட்டறைகள் இப்போது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன, சம்பளம் தடங்கலில்லாமல் வந்தது, நாச்சிமுத்துவுக்குப் புது வேட்டி வந்தது, கைதட்டியவர்களைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு மறுபடியும் வயிறு போகத் தொடங்கியது. முதலில் மேலத்தெருவில், பிறகு பள்ளிக்கூடத்தில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள், இருந்தாலும் அந்தக் கோடையை நினைவு வைத்திருந்த பெண்கள் குழாயடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் பிடித்தார்கள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மசோதாவை எதிர்த்துச் சபையில் சிலர் சத்தம் போட்டதால், அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள், குழு நேரில் வந்து மக்கள் சொல்வதைக் கேட்கப்போகிறது, அது கேட்கப்போகிற ஊர்களில் நீலியம்பாளையமும் ஒன்று.

மாரியம்மன் கோயில் வாசலில் பெண்கள் கூடினார்கள். பேசத் தெரிந்தவர் யாருமில்லை. "நான் போயி மைக்கப் புடிச்சா ரெண்டு வார்த்தைல திட்டிப்போடுவேன்" என்றாள் ராமாத்தாள். "பேச்சே வேண்டாம். மண்டபத்துல அண்டாவ அடுப்புல ஏத்தலாம். ஊட்டுக்கு ஒரு கொடம் கொளாத்தண்ணி கொண்டாந்து அவங்க கண்ணு முன்னால ஊத்தோணும். தீ எரியட்டும். கொதிக்காதத அவங்களே பாக்கட்டும். பாத்து முடிச்சதும் அதுலயே ஆளுக்கு ஒரு சொம்பு மோந்து குடுங்க. குடிச்சா அவங்க ஆம்பள, குடிக்காட்டி அதுதான் நம்ம சாட்சி."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பூவாத்தாளுக்கும் பிடித்தது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு வெசனம் தொடங்கியது.

நீலியம்பாளையத்தில் வீட்டுக்கு வருகிறவர்களை ஒறம்பரை என்பார்கள். ஒறம்பரை வாசலில் காலை வைத்ததும், வாங்க என்கிற சொல்லோடு ஒரு சொம்புத் தண்ணீரும் சேர்ந்து போகவேண்டும், அந்தச் சொம்பு வீட்டிலேயே நல்ல சொம்பாகவும் அந்தத் தண்ணீர் வீட்டிலேயே நல்ல தண்ணீராகவும் இருக்கவேண்டும். பகையாளி வந்தாலும் அப்படித்தான். தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள். பூவாத்தாளின் மாமியார் சாகக்கிடந்தபோதும், பார்க்க வந்தவர்களுக்குத் தண்ணி குடுத்தியா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்க, எங்கிருந்தோ வெயிலில் வருகிற மனிதர்களுக்கு, தெரிந்தே, இந்தத் தண்ணீரையா கொடுப்பது? கதிர்வேலுவைக் கொண்டுபோன தண்ணீர் இது. வருகிறவர்களில் வயசானவர்கள் இருப்பார்கள், சர்க்கரை இருக்கும், குடித்துவிட்டுப் போகிற வழியில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? யார் குடத்துத் தண்ணீர் என்று கேட்பார்கள், இன்னார் குடம் என்று யாராவது கைகாட்டுவார்கள், போலீஸ் வரும், தாரணி பிரசவத்துக்குக் கிடக்கிற நேரத்தில். இத்தனை குடத்தில் தன் ஒரு குடம் நல்ல தண்ணீராக இருந்தால் என்ன குறைந்துவிடப்போகிறது? கொதிக்காத தண்ணீர்க் கடலில் ஒரு குடம் கொதிக்கிற தண்ணீர் எங்கே தெரியப்போகிறது? ஒறம்பரைக்குத் தன் கையால் தப்புச் செய்யவில்லை என்றாவது இருக்கும்.

தாரணியின் கட்டிலுக்கடியிலிருந்து கேனை இழுத்துக் குடத்தில் கவிழ்த்தாள்.

"என்னம்மா பண்ற? அது என்ற தண்ணி."

"உனக்கு நாளைக்கு வேற வருது கண்ணு. பேசாம படு."

குழு வந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளை வேட்டிகளும் இரண்டு பட்டுப் புடவைகளுமாக உறுப்பினர்கள் மேடையில் உட்கார்ந்தார்கள், ஓரத்தில் வையாபுரி. தலைவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வழுக்கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க மறைக்காமச் சொல்லுங்கம்மா, உங்களுக்காகத்தான் வந்திருக்கோம். உண்மையிலயே தண்ணி கொதிக்கலேன்னா இந்த மசோதாவுக்கு நானே கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குடங்களோடு வந்து அண்டாவில் ஊற்றினார்கள். ஊற்றிய ஒவ்வொருத்தியும் குனிந்த தலையை நிமிர்த்தாமல் போய் நின்றாள். பூவாத்தாளும் ஊற்றினாள். ஊற்றும்போது அவள் கை கொஞ்சம் நடுங்கியது, பக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்த ராமாத்தாளின் கையும் நடுங்கியதை அவள் கவனித்தாள், வயசு ஆகிறதல்லவா என்று நினைத்துக்கொண்டாள்.

அடுப்பைப் பற்றவைத்தார்கள். ராமாத்தாள் முன்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு, "பாருங்க சாமி, நீங்களே பாருங்க" என்றாள்.

பார்த்தார்கள். தீ எரிந்தது. மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. அப்புறம் அண்டாவின் அடியில், தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. விளிம்பை ஒட்டிக் கடுகு மணிபோலக் குமிழ்கள் வந்தன. அவை மிளகு அளவாயின, சுண்டைக்காய் அளவாயின, ஆவி எழுந்து முன்வரிசைக்காரர்களின் கண்ணாடிகளில் படிந்தது, பிறகு மொத்த அண்டாவும் தளபுளவென்று, ஊரே மறந்துபோயிருந்த அந்தச் சத்தத்தோடு, துள்ளித் துள்ளிக் கொதித்தது.

வையாபுரிதான் முதலில் கைதட்டினார். கொதிக்கவில்லை என்று சாட்சி சொல்ல வந்த தண்ணீர் கொதிக்கிறதைப் பார்த்த மகிழ்ச்சியில், அது கொதிக்காததைத் தான் சாட்சியாகக் காட்டியிருந்ததை அவர் மறந்தேபோனார். "வதந்தி, எல்லாம் வதந்தி!" என்றார்.

தலைவர் பெண்களைப் பார்த்தார், அவர் முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்திக்கும் வாய் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது? கெட்ட தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லி நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன் என்றா? எல்லோரும் கூடியிருக்கிற சபையில் ஊரை ஏமாற்றியவளாக நிற்பதற்கு யாருக்கும் துணிச்சல் இல்லை. டீக்கடைக்காரர் பழக்கதோசத்தில் அந்தக் கொதிநீரில் தூளைப் போட்டு, வெகுநாள் கழித்து உண்மையான டீ போட்டார். உறுப்பினர்கள் குடித்தார்கள். பட்டுப் புடவைகளில் ஒருவர் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ராமாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "பூவா."

"சொல்லுங்க்கா."

"நீயுமா?"

பூவாத்தாள் நின்றுவிட்டாள். "நீங்களுமாக்கா? நீங்கதானே இந்த ரோசனையே சொன்னீங்க!"

"சொன்னேன். சொன்ன வாய்க்கு மோந்து குடுக்கற கை வேணுமில்ல? அந்தத் தலைவரப் பாத்தா எங்க பெரியண்ணனாட்ட இருந்தாரு. நீங்கெல்லாம் கொளாத்தண்ணிதான் ஊத்துவீங்க, நா ஒருத்தி ஊத்தாட்டி என்னன்னு…"

பின்னால் வந்தவர்களிடம் கேட்டார்கள். அவளும் அப்படித்தான். அதற்குப் பின்னால் வந்தவளும். காலிக் குடங்களோடு ஊர்வலமாக வந்த பெண்கள் நடுரோட்டில் நின்று சிரிக்கத் தொடங்கினார்கள், குடம் உருள, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ராமாத்தாள் மைல்கல்லின் மேல் உட்கார்ந்து சிரித்தாள், எப்போது அது அழுகையாக மாறியது என்று யாராலும் சொல்லமுடியவில்லை. "ஒரே ஒருத்தியாவது கெட்டவளா இருந்திருக்கலாமேடி" என்றாள் ராமாத்தாள், ஊதா நகங்களால் கண்ணைத் துடைத்தபடி.

மசோதா சட்டமானது. தொட்டியின் காலில் சிவப்புப் பட்டை அடித்த இடத்துக்கு மேல் வெள்ளை பூசி, வையாபுரியின் படத்தை வரைந்தார்கள். சட்டம் எல்லாத் தண்ணீருக்கும் பொது என்பதால் கேன் தண்ணீரையும் யாரும் சோதிக்க வேண்டியதில்லை என்று ஆயிற்று, அது அமலுக்கு வந்த காலையில் கேன் தண்ணீரும் கொதிப்பதை நிறுத்தியது. அதே காலையில் அடுத்த ஊரிலும், அதற்கடுத்த ஊரிலும் அடுப்புகளின் முன்னால் பெண்கள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, நீலியம்பாளையத்துக்காரர்கள், அவல் வாங்கி வெச்சுக்கச் சொல்லுங்க, பழகிக்குவாங்க என்றார்கள்.

தாரணிக்கு ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்து, பிள்ளையைப் பூவாத்தாளின் மடியில் வைத்தார்கள். அது வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. அந்த வாயின் உள்பக்கம், யாரும் இன்னும் எதுவும் செய்யாத ரோஜா நிறத்தில் இருந்தது. பூவாத்தாள் எழுந்துபோய், கையைக் கழுவி, கழுவிய தண்ணீரை நினைத்து அதையும் துடைத்துவிட்டு வந்து மறுபடி வாங்கிக்கொண்டாள்.

"அதுக்கு நான்தான் பால் குடுக்கறேன், தண்ணி எதுக்கும்மா?" என்றாள் தாரணி.

"நீ குடிக்கறதுதானே சாமி பாலாகுது."

தாரணிக்குத் தாகம் எடுக்கும். பிள்ளைக்காரிக்கு எடுக்கிற தாகம் சும்மா எடுக்கிற தாகம் இல்லை. பூவாத்தாள் இளநீர் வாங்கினாள், மோர் வாங்கினாள், மோரில் என்ன தண்ணீரோ என்று கொட்டினாள். இளநீர்க்காரர் வராத நாளில் தாரணி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே படுத்திருந்தாள்.

அப்புறம் ஒரு மத்தியானம், பருவம் தப்பி மழை வந்தது. பூவாத்தாள் எதையும் யோசிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, சலவை மடிப்புக் கலையாமல் இருந்த வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள், துணி உலர்த்தும் கம்பிகளில் நான்கு முனையையும் கட்டினாள், நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டாள், அந்தக் குழியின் கீழே பானையை வைத்தாள். நனைந்துகொண்டே நின்றாள். சேலையின் நடுவிலிருந்து மழை நூலாக இறங்கிப் பானையை நிறைத்தது. பெரிய மழை இல்லை. பானை ஒன்று நிறைந்ததும் விட்டுவிட்டது.

கீழே கொண்டுவந்து அடுப்பில் வைத்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது, அதைப் பின்னத் தோன்றவில்லை, பானையின் முன்னால் குத்தவைத்துக் காத்திருந்தாள். வானத்துத் தண்ணீரை எந்தச் சட்டம் எண்ணுகிறது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்தவர்களைக் கேட்கவும் பயம். பானையின் அடியில் ஒரு செருமல் கேட்டது. பூவாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். குமிழ்கள் வந்தன, ஆவி வந்தது, பானை தளபுளவென்று கொதிக்கத் தொடங்கியது. தாரணி பிள்ளையோடு எழுந்து உட்கார்ந்து, "அம்மா! அம்மா, சத்தம்!" என்றாள். அவள் சிரிப்பதைப் பூவாத்தாள் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"ஏம்புள்ள பூவா, ஊட்டுல இருக்கியா?"

ராமாத்தாளின் குரல். பொழுதோட வருகிறவள் எப்போதும்போல் வந்திருந்தாள். பூவாத்தாள் எழுந்து வாசலுக்குப் போனாள். ராமாத்தாள் நிலைப்படியில் கையை ஊன்றி உட்காரப்போனாள், அப்படியே பாதியில் நின்றாள். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒளித்துவைக்கிற சத்தம் இல்லை அது.

"மழை பேஞ்சுது பாத்தியா" என்றாள் ராமாத்தாள்.

"ஆமாங்க்கா. பேஞ்சுது."

"நல்ல மழ."

"சித்த நேரந்தான்."

வாங்க என்கிற சொல்லும் அதன் பின்னால் வரவேண்டிய சொம்பும் பூவாத்தாளின் நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவில் வந்து நின்றன. ஒரு சொம்பு கொடுத்தால் என்ன குறைந்துவிடப்போகிறது? ஆனால் ராமாத்தாளுக்குக் கொடுத்தால் பின்னால் மேலத்தெருக்காரி வருவாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அவர்களில் ஒருத்திக்கும் இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. நல்லவர்களாக இருந்துதான் அண்டாவை நிறைத்தார்கள். பானை ஒன்றுதான். அடுத்த மழை எப்போதோ. உள்ளே பிள்ளை சிணுங்கியது.

பூவாத்தாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். தண்ணி குடிக்கறீங்களாக்கா என்று கேட்கவில்லை.

ராமாத்தாள் கொஞ்ச நேரம் அந்தக் கேள்விக்காக நின்றாள். பிறகு ஊன்றிய கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சரி அம்முணி. பிள்ளையப் பாத்துக்க" என்றாள். குரலில் கோபமில்லை, அதுதான் பொறுக்கமுடியாததாக இருந்தது. எதிர்வீட்டுக்குப் போகிற அந்தச் சின்னத் தெருவை அவள் கடந்து முடிக்க ரொம்ப நேரம் ஆனதுபோல் இருந்தது.

பூவாத்தாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள். அடுப்படிக்குப் போய், தெருவில் யாருக்கும் கேட்டுவிடாமல் இருக்க, பானையின் வாயில் தட்டைக் கவிழ்த்து மூடினாள். தட்டு துள்ளியது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து, சுடச்சுட அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.